வளையத்துக்குள் அடங்காத கறி வடை

என் கணவருக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. பம்ப் கம்பெனியில் பத்து வருஷம் உதிரிபாகங்களை அளந்து பார்த்தவர், தொண்ணூறுகளின் நடுவில் வேலையை விட்டுவிட்டு ஆர்.எஸ். புரத்தில் பர்கர் கடை போட்டார். கொத்துக்கறியில் சின்ன வெங்காயம், வரமிளகாய், தேங்காய்ச் சில்லு சேர்த்து நான் வடையாகத் தட்டுவேன். அதைப் பன்னுக்குள் வைத்து விற்றோம். கல்லூரிப் பிள்ளைகள் மொய்த்தார்கள். அடுத்த வருஷமே காந்திபுரத்தில் இரண்டாவது கடை. திறப்பு விழா மாலை வாடுவதற்குள் திருப்பூரில் இடம் பார்க்கக் கிளம்பிவிட்டார்.

மூன்று கடைக்கும் ஒரே ருசி, ஒரே அளவு வேண்டுமாம். பெரியநாயக்கன்பாளையத்து லேத் பட்டறையில் எவர்சில்வர் வளையம் ஒன்று கடைந்து வாங்கி வந்தார். அதற்குள் சரியாக உட்காராத வடை கழிவு. வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு, வடை தட்ட ஆறு பெண்களை வேலைக்கு வைத்தார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. தின்கிற சாமானை யாராவது இரும்பு மாதிரி அளப்பார்களா?

ஒருநாள் காலை அவர்களோடு நானும் உட்கார்ந்து தட்டினேன். அவர்கள் தட்டியதெல்லாம் வளையத்துக்குள் அடங்கியது. என்னுடையதில் பாதி வெளியே பிதுங்கியது. அளந்து பார்த்த என் கணவர், யார் தட்டியது என்றுகூடக் கேட்காமல், அத்தனை பேர் முன்னால் எடுத்து ஓரமாகத் தள்ளினார்.

"அது நான் தட்டுனதுங்க," என்றேன்.

"அதுக்கென்ன அம்மணி, அளவு அளவுதான்."

கையைக் கழுவிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அவமானத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. அப்புறம் கொட்டகைப் பக்கமே போகவில்லை. ஆனால் வீட்டில் இருப்பும் கொள்ளவில்லை. டெலிபோன் மணி அடித்தால் ஓடுவேன், ருசி கெட்டுப்போச்சு என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று. ஒருவரும் சொல்லவில்லை.

திருப்பூர் கடை திறப்புக்கும் அதற்காகவேதான் போனேன். மேஜை மேஜையாகச் சுற்றி ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். குடும்பத்தோடு வந்திருந்த ஒரு பனியன் கம்பெனிக்காரர் தின்று முடித்து, விரலைச் சூப்பிக்கொண்டே, "ஏனுங்க, இன்னும் நாலு குடுங்க," என்றார்.

நானும் ஒன்றை வாங்கி, நின்றபடியே கடித்தேன். அடக்க முடியாமல் அழுகை வந்துவிட்டது. என் கணவர் பதறி ஓடி வந்தார்.

"ஏனம்மணி, நல்லா இல்லியா?"

"நல்லாத்தானுங்க இருக்குது."

"அப்புறம் எதுக்கு அழுவறே?"

"நல்லா இருக்கறதுக்குத்தானுங்க."