மஞ்சள் தரகர் பல்லு வெளுத்த கதை

எங்க ஊட்டுக்காரர் வரதராஜுலு ஈரோட்டுல மஞ்சள் தரகருங்க. மத்தவங்க விரலி மஞ்சளை ஒடிச்சுப் பார்த்துத் தரம் சொல்லுவாங்க. இவரு கடிச்சுத்தான் சொல்லுவாரு. முப்பது வருசமாக் கடிச்சுப் பல்லெல்லாம் ஒரே பழுப்பு. பொண்ணு ஷ்ரவ்யாவுக்குக் கோயமுத்தூர் மில்லுக்காரங்க சம்பந்தம் கூடி வர்ற வரைக்கும் அதைப் பத்தி மனுசன் கவலைப்பட்டதே இல்லீங்க.

"அம்புஜம், நிச்சயத்தன்னைக்கு அவங்க முன்னாடி இந்தப் பல்லோட நின்னா புள்ளைக்கு அசிங்கமில்லையா?"னு ஆரம்பிச்சாரு. எலுமிச்சம்பழச் சாறுல சோடா உப்பைக் கொழைச்சு ஒரு வாரம் தேச்சாரு. பல்லு வெளுக்கலை. பச்சத்தண்ணி பட்டாலே கூச ஆரம்பிச்சுது.

அப்புறம் கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரத்துல பல் டாக்டர் நந்திதாகிட்டக் கூட்டிட்டுப் போனேன். எலுமிச்சங்கதையைக் கேட்டு அந்தம்மா புடிபுடின்னு புடிச்சுப்போட்டாங்க. "எனாமலைப் புளிப்பு அரிச்சிருமுங்க. போனது மறுபடி மொளைக்காது." கூச்சம் அடங்க மூணு வாரம் வைத்தியம் பார்த்துட்டு, நிச்சயத்துக்கு மூணு நாள் முன்னாடி வியாழக்கிழமைதான் வெளுத்து விட்டாங்க. "இந்த மருந்துல எனாமல் ரெண்டு நாளைக்குக் காஞ்சு கெடக்கும். எந்தச் சாயம் பட்டாலும் இழுத்துக்கும். எச்சில் ஊறித்தான் சரியாகோணும். காபி, டீ, மஞ்சள் போட்ட கொழம்பு, எதையும் திங்காதீங்க."

அன்னைக்குப் பூராவும் தயிர்ச்சோறும் பாலுந்தான். வெள்ளிக்கிழமை மஞ்சள் மண்டிக்குப் போனவரு மத்தியானம் ஊட்டுக்கு வந்து சிரிச்சாரு. ஐயோ கடவுளே! பளீர்னு மஞ்சள்! பழைய பழுப்பே தேவலை.

"கடிச்சீங்களா?"

"கடிச்சுத் துப்பிப்போட்டேன். டாக்டரு திங்கத்தானே வேண்டாம்னாங்க?"

எனக்குத் தலையில அடிச்சுக்கலாம்னு இருந்துது. டாக்டருக்குப் போன் போட்டா, உடனே மறுபடி மருந்து வெச்சா எனாமலுக்கு ஆகாது, கொஞ்ச நாள் போகட்டும்னுட்டாங்க.

ஞாயித்துக்கிழமை நிச்சயத்துல மனுசன் வாயே தொறக்கலை. கேட்டதுக்கெல்லாம் தலையாட்டல். மாப்பிள்ளையோட அப்பா ஸ்ரீனிவாஸ் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாரு. கடைசியில தாம்பூலத் தட்டைக் கீழே வெச்சுட்டு, "ஏனுங்க, உங்களுக்கு இந்தச் சம்பந்தத்துல மனசில்லீங்களா? மனசில்லாமத் தட்டு மாத்த வேண்டாமுங்க"ன்னுட்டாரு. ஷ்ரவ்யா கண்ணுல தண்ணி.

அதைப் பார்த்ததும் இவரு பதறி எந்திரிச்சாரு. "மனசு நெறைய இருக்குதுங்க! பல்லுதானுங்க சரியில்லை!" வாயை நல்லாத் தொறந்து காட்டி, எலுமிச்சம்பழத்துல இருந்து மண்டி வரைக்கும் ஒண்ணு விடாமச் சொல்லிப்போட்டாரு.

ஸ்ரீனிவாஸ் பக்கத்துல வந்து உத்துப் பார்த்தாரு. "நல்ல காரியத்துக்கு நீங்க மஞ்சளோடத்தானுங்க வந்திருக்கீங்க"னு சிரிச்சுக்கிட்டே தட்டை எடுத்தாரு.

ஷ்ரவ்யா நேரா அப்பங்கிட்ட வந்தா. "உங்களைப் பார்த்து நான் எப்பங்கப்பா வெக்கப்பட்டேன்?"

மனுசன் அத்தனை பேரு முன்னாடியும் மஞ்சளாச் சிரிச்சுக்கிட்டே அழுதாரு.