லூர்துராணி சொல்லாமல் விட்டது

பாலக்கரையில் ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்ததும், மாதா கோவிலுக்குப் பின்னால் ஐந்தாறு பெண்கள் லூர்துராணியைச் சுற்றி உட்காருவார்கள். யாராவது கேட்டால் ஜெபக்கூட்டம் என்பார்கள். ஜெபமாலையில் ஒரு மணிகூட நகராது. அத்தனை பேரும் குடிகாரனுக்கு வாக்கப்பட்டவர்கள். மதுவிலக்குக் காலம், ஊரில் சாராயக் கடை கிடையாது, இவர்கள் வீட்டில் மட்டும் குடிக்குக் குறைவில்லை. ஒருத்தி அழுவாள், ஒருத்தி அடிபட்ட தோளைக் காட்டுவாள், எவள் வீட்டிலாவது அடுப்பு எரியவில்லை என்றால் மற்றவர்கள் சோறு கொண்டு போவார்கள். அங்கே பேசுவது வெளியே போகாது. அந்தச் சட்டம் லூர்துராணி போட்டது.

ஆனால் தன் கதையில் பாதியை அவள் அங்கேயும் சொன்னதில்லை. 1954இல் அவள் புருஷன் கிளமென்ட் கெட்ட மீனைத் தின்று செத்தான் என்றுதான் எல்லாரும் நம்பினார்கள். உண்மையில் அவன் போதைக்காகக் குடித்தது மேஜை நாற்காலிக்குப் பூசுகிற, ஸ்பிரிட் கலந்த வார்னிஷ். கண் மங்குகிறது என்று அவன் சொன்னபோது, போலீஸ் கேஸாகிவிடும், மானம் கப்பலேறிவிடும் என்று பயந்துபோய் டாக்டரிடம் மீன் என்று சொல்லிவிட்டாள். டாக்டரும் மீனுக்கே மருந்து கொடுத்தார். மறுநாள் அவன் போய்விட்டான்.

நாலு வருஷம் கழித்து ஒரு ஞாயிறு மத்தியானம் அமலராணி ஓடிவந்தாள். கூட்டத்திலேயே சின்னவள் அவள். புருஷன் சகாயநாதன் பர்னிச்சர் கடையில் பாலிஷ் போடுகிறவன்.

"அக்கா, நேத்து சாயந்தரம் குடிச்சிட்டு வந்தாரு. விடிஞ்சதுலேருந்து வாந்தி. கண்ணு மங்குதுன்னாரு, தூக்கக் கலக்கம்னு நெனச்சி மோர் கொடுத்தேன். இப்ப எதிர்லயே நிக்கிறேன், யாருங்கறாரு."

லூர்துராணி அவளோடு ஓடிப்போய்ச் சகாயநாதனைத் தூக்கி உட்காரவைத்தாள். குதிரை வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பட்டப்பகலில், வழியெல்லாம் சகாயநாதன் விளக்கை ஏற்றச் சொல்லிக்கொண்டே வந்தான்.

என்ன சாப்பிட்டார் என்று டாக்டர் கேட்டார். அமலராணி தலையைக் குனிந்துகொண்டாள்.

"மீன் கொழம்புங்க. ஒத்துக்கல."

லூர்துராணி அவளைத் திரும்பிப் பார்த்தாள். தான் சொன்ன பொய்யையே இந்தப் பெண் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். வராந்தாவில் தெரிந்த முகங்கள் ரெண்டு மூன்று நின்றிருந்தன. இங்கே வாயைத் திறந்தால் சாயங்காலத்துக்குள் பாலக்கரை முழுக்கப் பரவிவிடும்.

"பொய்ங்க டாக்டர். வார்னிஷ் குடிச்சிருக்காரு. எம் புருஷனும் அதைக் குடிச்சுத்தான் செத்தாரு. நானும் மீனுன்னுதான் சொன்னேன்" என்றாள்.

டாக்டர் போலீஸைக் கூப்பிடவில்லை. நர்ஸைக் கூப்பிட்டார். நாலு வருஷமாக அவள் பயந்துகொண்டிருந்தது இந்த ஒரு நிமிஷத்துக்குத்தான்.

மூன்றாம் நாள் சகாயநாதன் உயிர் பிழைத்துவிட்டான் என்று தெரிந்தது. பார்வை போனது போனதுதான். காலையில் கண் மங்கியபோதே கொண்டுவந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்றார் டாக்டர். அமலராணி அழவில்லை. வராந்தாவுக்கு வந்து லூர்துராணியின் முன்னால் நின்றாள்.

"கண்ணு மங்குனா என்னன்னு ஒங்களுக்குத் தெரியும். ஒரு வருஷமா ஒங்க பக்கத்துலதான உக்காந்திருந்தேன். ஏன்க்கா சொல்லல?"

"வெக்கமா இருந்துச்சு" என்றாள் லூர்துராணி.

அதைவிடப் பெரிய காரணம் எதுவும் அவளிடம் இல்லை.