பழகிப்போன புகை

நுரையீரல் புற்றுநோயை ஆராய்வது என் தொழில். பீடி, சிகரெட்டைத் தொட்டே பார்க்காத பெண்களுக்கு இந்த நோய் ஏன் வருகிறது என்பதுதான் என் கேள்வி. அதைக் கேட்டுக்கொண்டு, இலங்கை மலையகத்தில் பூண்டுலோயாப் பக்கம் நான் பிறந்த தேயிலைத் தோட்டத்துக்கே போனேன். அங்கே தொழிலாளர் குடியிருக்கும் லயத்து அடுப்புகளில் கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகள் எரிகின்றன. புகை வெளியேற வழி கிடையாது.

ஆய்வுக்கு அனுமதி கேட்க, அதை மேற்பார்க்கும் பேராசிரியரோடு தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் பங்களாவுக்குப் போனேன். புகைபோக்கி வைத்த கணப்பில் விறகு எரிந்தது; இழைப் புகைகூட அறைக்குள் இல்லை. கால்களை அதன் பக்கம் நீட்டியபடி துரை சொன்னார்:

“லயத்து ஆக்கள் புகைக்குப் பழகிட்டாங்க டாக்டர். அது அவங்களை ஒண்டும் செய்யாது. வெத்திலை, பீடின்னு எழுதுங்க.”

நுரையீரலின் செல்கள் துரையின் உத்தரவுக்குக் காத்திருப்பதில்லை என்று சொன்னேன். பேராசிரியரோ துரைக்குத் தலையாட்டினார். எத்தனை பட்டங்களைச் சுமந்த தலை! ஆட்டுவதற்குத்தான் பயன்பட்டது.

திரும்பும் வழியில், “முதல்ல அனுமதி கிடைக்கட்டும். புகையைப் பிறகு பார்ப்போம்,” என்றார்.

“பிறகு பார்க்க அவங்க உயிரோட இருக்கணுமே சார்.”

அனுமதி வரவில்லை. பேராசிரியர் ஆய்விலிருந்து தாமாகவே விலகிக்கொண்டார். எனக்கு நிம்மதி.

தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் என் சித்தியிடம் போய்ப் புலம்பினேன்.

“அந்த ஆளுக்கிட்ட எதுக்குப் போயி நின்ன? எங்க நெஞ்சு எங்களோடது. ஞாயித்துக்கெழம கோயிலுக்கு வாறதுக்கும் அவருகிட்ட கேக்கணுமா?”

கோயில் மண்டபத்துக்குப் பெண்களைச் சித்திதான் கூட்டி வந்தார். புகையை அளக்கும் சிறு கருவிகளைச் சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டுபோய் அடுப்படியில் வைத்தார்கள். விடாமல் இருமியவர்களைக் கண்டி ஆஸ்பத்திரிக்கு ஸ்கேன் எடுக்க அனுப்பினேன். ஒருத்திக்குக் கட்டி சிறியதாக இருக்கும்போதே தெரிந்தது. அறுத்து எடுத்தார்கள். பிழைத்து, மறுபடி கொழுந்து எடுக்க மலைக்கு ஏறினாள்.

என் கட்டுரை புகை என்ற சொல்லோடுதான் வெளிவந்தது. அதைத் துரை வாசித்திருக்க மாட்டார். ஆனால் கொழும்பிலிருந்து விருந்தினர் வந்தபோது பிழைத்த அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு நிறுத்தி, தோட்டம் தொழிலாளர்களைக் கவனிக்கும் அழகைப் பாருங்கள் என்றாராம்.

“அவ என்ன சொன்னா?” என்று சித்தியிடம் கேட்டேன்.

“என்னத்தச் சொல்றது? வேணும்னே அவரு மூஞ்சிக்கு நேரா இருமிட்டு வந்துட்டா.”