தினம் பதினான்கு கிலோமீட்டர்

இது நடந்தது. எனக்கே நடந்தது. நம்பாதவர்கள் செங்கம் ரோட்டில் இருக்கும் என் யார்டுக்கு வரலாம், அந்த வெள்ளை காரை இன்றைக்கும் காட்டுவேன். என்ன விலைக்குத் தருவாய் என்று மட்டும் கேட்காதீர்கள்.

என் பெயர் மாறன். பதினோரு வருஷமாகத் திருவண்ணாமலையில் பழைய கார் வாங்கி விற்கிறேன். பேய், ஆவி என்று யாராவது பேச ஆரம்பித்தால் முதல் ஆளாகக் கிண்டல் செய்தவன் நான்தான்.

கார் வாங்கப் போகிறவர்களுக்கு நான் இலவசமாகச் சொல்லும் யோசனைகள் சில உண்டு. வண்டியைக் காலையில் போய்ப் பாருங்கள். இன்ஜின் சில்லென்று இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். நீங்கள் போகும்போதே பானட் சூடாக இருந்தால், ஏதோ கோளாறை மறைக்க முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், சேறு தெரிந்தால் அது வெள்ளத்தில் நின்ற வண்டி. மீட்டரை நம்பாதீர்கள், பெடல் ரப்பரைப் பாருங்கள். தேய்மானம் பொய் சொல்லாது.

இவ்வளவும் சொல்கிற நானே மீட்டரைத் திருப்புகிறவன்தான். பெடல் ரப்பரையும் சேர்த்தே மாற்றிவிடுவேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதை மறைத்துவிட்டு நடந்ததைச் சொல்ல முடியாது.

போன ஆவணியில் ஒரு திங்கட்கிழமை அந்தக் காரை வாங்கினேன். செங்கம் ரோடு கிரிவலப் பாதையில்தான் வரும்; யார்டிலிருந்து நாலு கட்டிடம் தள்ளி, அதே ரோட்டில் அப்பாசாமி என்பவரின் வீடு. ரிட்டையர்ட் வாத்தியார். இருபது நாளைக்கு முன்னால் இறந்துவிட்டார். அவருடைய மனைவி ஆதிலட்சுமி எட்டு மாசமாகப் பக்கவாதத்தில் படுக்கை. கை கால் வராது, பேச்சும் போய்விட்டது. பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் தமிழ்செல்வி லீவு போட்டுவிட்டு வந்து அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வண்டி சும்மா நிக்குதுண்ணா. பாக்கறப்பலாம் அழுகையா வருது. எடுத்துக்குங்க” என்றாள்.

கேட் வாசலில் நின்றபடியே டெலிவரி சீட்டு எழுதினேன். மீட்டர் 85,798. யார்டுக்கு ஓட்டி வந்தபோது கடைசி எண்கூட மாறவில்லை, அவ்வளவு பக்கம்.

செவ்வாய்க்கிழமை வண்டியைக் கழுவித் துடைத்தேன். டிரைவர் பக்கத்து வெயில் மறைப்பின் உள்பக்கம் பென்சிலில் ஒரு பிள்ளையார் சுழி. அதற்குக் கீழே 85,812 என்று எழுதி வட்டம் போட்டிருந்தது. சர்வீஸ் பண்ண வேண்டிய கிலோமீட்டர் என்று நினைத்தேன். வாங்க வருகிறவன் பார்த்தால் குட்டு உடையும். அழித்துவிட்டேன்.

சாயந்திரம் மீட்டர் ராமதாஸ் லேப்டாப்போடு வந்தான். பத்து நிமிஷம். 85,798 போய் 41,870 வந்தது.

புதன்கிழமை காலை 7:40. யார்டைத் திறந்து எல்லா வண்டியையும் ஒரு சுற்று பார்ப்பது என் வழக்கம். வெள்ளை காரின் இடது முன் சீட், ஆள் படுக்கிற மாதிரி பின்னால் சாய்ந்திருந்தது. சீட் பெல்ட் மாட்டியிருந்தது. உள்ளே யாரும் இல்லை.

நான்தான் துடைக்கும்போது சாய்த்திருப்பேன் என்று நிமிர்த்தி வைத்தேன். மீட்டர் 41,884. ராமதாஸ் சரியாக வைக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை மறுபடியும் சீட் சாய்ந்திருந்தது. மீட்டர் 41,898.

வெள்ளிக்கிழமை 41,912. பெல்ட்டின் மேல் விரல் பட்ட தடம் மாதிரி விபூதி. தொட்டுப் பார்த்தேன்... ஈரமாக இருந்தது.

தினமும் பதினான்கு. இந்த ஊரில் பதினான்கு என்றால் சின்னக் குழந்தைக்கும் தெரியும். மலையை ஒரு முறை சுற்றி வர அத்தனை கிலோமீட்டர்.

யாரோ கள்ளச் சாவி போட்டு எடுத்துக்கொண்டு போகிறான் என்றுதான் அப்போதும் நினைத்தேன். ஆனால் யார்டு கேட்டின் பூட்டு என்னுடையது. யார்டு கேமராவின் ராத்திரிப் பதிவை முழுக்க ஓட்டிப் பார்த்தேன். கார் நின்ற இடத்தைவிட்டு ஓர் அங்குலம் நகரவில்லை. பெட்ரோல் முள்ளும் இறங்கவில்லை.

சனிக்கிழமை விடிகாலை 4:15க்கு யார்டுக்கு வந்துவிட்டேன். கார் சாவி என் சட்டைப் பையில். கையில் டார்ச். வெளியே ரோட்டில் ஒன்றிரண்டு பேர் செருப்பில்லாமல் கிரிவலம் போய்க்கொண்டிருந்தார்கள். அது ஒரு தைரியம். பானட்டில் கை வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது.

4:30. ஒன்றும் இல்லை. கொட்டாவி விட்டேன்.

4:40.

டக்.

நாலு கதவின் லாக்கும் ஒரே நேரத்தில் திறந்த சத்தம். சாவியைத் தொட்டுப் பார்த்தேன். பையிலேயே இருந்தது.

டிரைவர் சீட் கிறீச்சிட்டது. ஒரு ஆள் உட்கார்ந்தால் அழுந்துமே, அப்படி அழுந்தியது. கண்ணாடி வழியாக டார்ச் அடித்துப் பார்த்தேன். சீட்டில் பள்ளம் மட்டும் தெரிந்தது.

நான் ஓடியிருக்க வேண்டும். ஓடாமல் பானட்டில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நின்றேன்.

இரண்டு நிமிஷம் போயிருக்கும். இடது சீட் மெதுவாகச் சாய ஆரம்பித்தது. நடுவில் நின்றது... கொஞ்சம் நிமிர்ந்தது... மறுபடி சாய்ந்தது. நோயாளிக்குக் கழுத்து வலிக்கக் கூடாதே என்று பார்த்துப் பார்த்துச் சாய்ப்பார்களே, அப்படி.

பெல்ட் தானாக நீண்டது.

கிளிக்.

அப்புறம் சத்தமே இல்லை. இன்ஜின் ஓடவில்லை. சக்கரம் அசையவில்லை. ஆனால் பானட்டில் வைத்த என் கை...

சுட ஆரம்பித்தது.

மணி 5:22. டிக்... டிக்... டிக்... ஓடி நின்ற இன்ஜின் ஆறும்போது வரும் சத்தம். மீட்டரைப் பார்த்தேன்.

41,926.

அன்றிலிருந்து எட்டு மணிக்கு முன் யார்டுப் பக்கம் போகவில்லை. வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள். ஓசூரிலிருந்து விமல்ராஜ் என்பவர் அந்தக் காரைக் கேட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். விட்டது சனியன் என்று தலையை ஆட்டினேன்.

அதற்கு முந்தின நாள், வியாழக்கிழமை மத்தியானம், தமிழ்செல்வி வந்தாள். கையில் ஒரு சின்ன பாக்கெட் நோட்டு.

“அண்ணா, அப்பா சட்டைய மடிக்கும்போது இது இருந்துச்சு. எனக்கு இத்தினி நாளா தெரியவே தெரியாது.”

வாங்கிப் பார்த்தேன். வாத்தியாரின் அழகான கையெழுத்து. முதல் பக்கத்தில், ஆதிலட்சுமிக்குப் பேச்சு வந்தால் போதும், அவளை வண்டியில் வைத்து நூற்றெட்டு சுற்று வருகிறேன், அண்ணாமலையாரே என்று ஒரு வேண்டுதல். அதற்குக் கீழே ஆரம்பம் 84,300, முடிவு 85,812. அப்புறம் பக்கம் பக்கமாகத் தேதியும் மீட்டரும். ஒவ்வொன்றும் பதினான்கு பதினான்காக ஏறியது. பௌர்ணமி அன்று மட்டும் வண்டி விடமாட்டார்கள் என்று எழுதி வைத்திருந்தார். கணக்குத் தப்பக்கூடாது என்று காரை வேறு எதற்கும் எடுக்கவில்லை. பெட்ரோல்கூட மொபெட்டில் போய் கேனில் வாங்கி வந்திருக்கிறார்.

கடைசி வரி 85,798. நூற்றேழு சுற்று.

“கடைசி சுத்துக்குப் பெட்ரோல் வாங்கப் போனவருதாண்ணா. பங்க்குலயே நெஞ்சப் புடிச்சினு உக்காந்துட்டாரு” என்றாள். “அங்கேருந்து ஒடம்ப நேரா சொந்த ஊருக்கே கொண்டுபோயிட்டோம். அம்மாக்கு இன்னும் சொல்லல. பெங்களூர்ல ஆஸ்பத்திரில இருக்காருன்னு சொல்லி வெச்சிருக்கேன்.”

நோட்டை மூடி அவளிடம் கொடுத்தேன்.

“ஒரே ஒரு சுத்து, அண்ணா. அம்மாவ வெச்சி நான் சுத்திட்டுக் குடுத்துடறேன். வண்டிய ஒரு மணி நேரம் குடுங்க.”

என் பதிலுக்குக் காத்திருக்காமல் காரில் உட்கார்ந்தாள். வெயில் மறைப்பை இறக்கிப் பார்த்தாள். காலியாக இருந்தது. மீட்டரைப் பார்த்தாள். 41,996.

“இது அப்பா வண்டிதானா?”

பொய் சொல்ல எனக்கு நன்றாக வரும். தொழிலே அதுதான். அன்றைக்கு வரவில்லை. “நான்தாம்மா திருப்புனேன்” என்றேன்.

அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு, “அப்பாவோட சுத்தெல்லாம் அதுலதாண்ணா இருந்துச்சு” என்று அழுதாள்.

என் மண்டையில் ஒரு கணக்கு தானாக ஓடியது. 41,996லிருந்து 85,812க்குப் போக இன்னும் மூவாயிரத்துச் சொச்சம் சுற்று. தினம் ஒன்று என்றால் எட்டரை வருஷம். அந்த மனுஷன் ஒரே ஒரு சுற்று பாக்கி வைத்துவிட்டுச் செத்தார். நான் அதை எட்டரை வருஷமாக்கி வைத்திருக்கிறேன்.

“நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு வாம்மா. பழையபடி வெச்சித் தரேன்” என்றேன்.

விமல்ராஜுக்குப் போன் செய்து வண்டி இல்லை என்று சொன்னேன். சாயந்திரம் ராமதாஸ் வந்தான்.

“மீட்டர ஏத்தச் சொல்ற மொத ஆளு நீதாண்ணா. ஒடம்பு கிடம்பு சரியில்லையா?”

“ஏத்துடா.”

டெலிவரி சீட்டைப் பார்த்து 85,798 வைத்தான். அவன் போன பிறகு வெயில் மறைப்பை இறக்கி, பிள்ளையார் சுழி போட்டு, 85,812 என்று என் கோணல் கையெழுத்தில் எழுதினேன். வட்டமும் போட்டேன். “சார், தெரியாம பண்ணிட்டேன்” என்று காலி சீட்டைப் பார்த்துச் சொன்னேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம்.

வெள்ளிக்கிழமை விடிகாலை 4:30க்குப் போனேன். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் போகாமல் இருக்க முடியவில்லை.

4:40. டக்.

டிரைவர் சீட் அழுந்தியது. இடது சீட் சாய்ந்தது. கிளிக்.

நான் பானட்டைத் தொடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

5:20. பெல்ட் தானாகக் கழன்றது. அதற்கு முன் ஒரு நாளும் அது நடக்கவில்லை.

5:22. இடது சீட் மெல்ல நிமிர்ந்தது.

டிக்... டிக்... டிக்...

டிரைவர் சீட்டிலிருந்த பள்ளம் மெதுவாக மேலே எழும்பியது.

மீட்டர் 85,812.

5:35க்கு என் போன் அடித்தது. தமிழ்செல்வி. அழுகையில் வார்த்தையே புரியவில்லை. “அம்மா... அம்மா பேசுதுண்ணா” என்பது மட்டும் புரிந்தது. ஓடினேன்.

ஆதிலட்சுமி அம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நெற்றியில் ஈர விபூதி. குரல் கரகரவென்று வந்தது, ஆனால் தெளிவாக இருந்தது. எட்டு மாசத்துக்கு அப்புறம் அவர் பேசியது இதுதான்.

“அப்பா எங்கடி? என்ன எறக்கி வுட்டுட்டு, வண்டிய நிறுத்திட்டு வரேன்னாரு. இன்னும் காணல.”

தமிழ்செல்வி என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

அன்று சாயந்திரம் அவள் உண்மையைச் சொல்லிவிட்டாள். அந்த அம்மா அழவில்லையாம். “பொய் சொல்லாதடி. காலைல கூட அவருதான் விபூதி வெச்சி வுட்டாரு” என்றாராம். இன்றைக்கும் விடிந்தால் கட்டிலை வாசல் பக்கம் திருப்பிப் போடச் சொல்கிறார். பேச்சு வந்துவிட்டது. கால் மட்டும் வரவில்லை, யாராவது தூக்கித்தான் உட்கார வைக்க வேண்டும்.

நான் இப்போது மீட்டரைத் தொடுவதில்லை. அந்தக் காரை விற்கவும் இல்லை. தினமும் காலையில் பானட்டில் கை வைத்துப் பார்க்கிறேன். சில்லென்றுதான் இருக்கிறது. மீட்டர் 85,812லேயே நிற்கிறது.

ஒன்றை மட்டும் தமிழ்செல்வியிடம் இதுவரை நான் சொல்லவில்லை. அவர்கள் வீட்டுக்கு எதிரே ஒரு கெஸ்ட் ஹவுஸ் இருக்கிறது. பத்து நாள் கழித்து, மனசு கேட்காமல், அங்கே போய் அந்த வெள்ளிக்கிழமை கேமராப் பதிவைப் பார்த்தேன்.

5:20. ரோடு காலியாக இருக்கிறது. கார் எதுவும் வரவில்லை. வீட்டு கேட் திறக்கிறது.

ரோட்டிலிருந்து ஆதிலட்சுமி அம்மா உள்ளே நடந்து போகிறார். எட்டு மாசமாகக் காலே ஊன்றாதவர், சின்னச் சின்ன அடியாக வைத்து நடக்கிறார். வலது கை மட்டும் தோள் உயரத்துக்குத் தூக்கியிருக்கிறது, யாரோ பிடித்திருப்பதுபோல. பக்கத்தில் யாரும் இல்லை.

வாசற்படியில் அந்தக் கை மெதுவாகக் கீழே இறங்குகிறது. அவர் ஒருமுறை திரும்பிப் பார்க்கிறார். சரி என்பதுபோலத் தலையாட்டுகிறார். தனியாக உள்ளே போகிறார்.

அவர் திரும்பிப் பார்த்த பக்கத்தில்தான் என் யார்டு இருக்கிறது.