மழைக்குள் வாசித்தவர்கள்

சிங்கப்பூருக்குக் கடற்பாலம் போட்டு முடித்த பிறகு, ரப்பர் விலை விழுவதற்கு முன்பு. நடுவில் கிடந்த அந்த வருஷங்களை நினைத்தால், எனக்கு எல்லா நாளும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானமாகவே தெரிகிறது. மலாயாவின் ஜோகூரில், லாயாங் லாயாங் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சரக்குக் கொட்டகை. அகலமான கதவு திறந்து கிடக்கும். வெளியே வெயில், அதற்கு அப்பால் ரப்பர் மரங்கள், மரங்களுக்கு அடியில் பச்சை நிறத்தில் ஓர் இருட்டு. உள்ளே நாங்கள் ஒரு டஜன் பேர், வயலினும் செலோவுமாக, ஒரு மனிதரின் கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்போம்.

அந்த மனிதர் எங்கள் எஸ்டேட் ஆஸ்பத்திரியின் டிரெஸ்ஸர். டாக்டர் எப்போதாவதுதான் வருவார். காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, பிரசவம் பார்ப்பது எல்லாம் டிரெஸ்ஸர்தான். பினாங்கில் பிறந்த கத்தோலிக்கர். மாதா கோயிலில் பாடியும் ஆர்கன் வாசித்தும் வளர்ந்தவர். ஜோகூர் காட்டுக்குள் வேலை கிடைத்து வந்தவருக்கு, தந்தி வாத்தியங்கள் மட்டுமே சேர்ந்த ஒரு சிறு குழு வேண்டும் என்று ஆசை. அது எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியாது.

நான் எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் கிராணிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். மலாக்கா கான்வென்டில் கன்னியாஸ்திரி ஒருவர் எனக்கு வயலின் சொல்லிக்கொடுத்திருந்தார். கல்யாணப் புடவைகளுக்கு அடியில் வைத்து அந்த வயலினைக் கொண்டுவந்தேன். ஒரு சாயங்காலம் ஜன்னலோரம் நின்று வாசித்துக்கொண்டிருந்தபோது, டிரெஸ்ஸர் சைக்கிளை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தார்.

"கிராணி, வயலின் சத்தம் கேட்டுச்சே, யாரு?"

"என் சம்சாரம்தான். ஏன் டிரெஸ்ஸர், நோயாளிங்களுக்குத் தொந்தரவா இருக்கா?"

"தொந்தரவு இல்ல லா. ஆள் தேவைப்படுது."

அடுத்த ஞாயிறு கொட்டகைக்குப் போனோம். என் கணவருக்கு ஒரு சுரமும் தெரியாது. ஆனாலும் என்னோடு வந்து, ஒரு சாக்கு மூட்டைமேல் சாய்ந்து தூங்கிவிட்டார். டிரெஸ்ஸர் என் வயலினைப் பார்த்தார், பிறகு அதைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு வாத்தியத்தை என் கையில் வைத்தார்.

"வயலினுக்கு ஆள் இருக்காங்க தங்கச்சி. வயோலாவுக்குத்தான் இல்ல. நடுக்குரல் அது."

"நடுக்குரல் யாருக்கும் கேக்காதே?"

"கேக்காதுதான். அதனாலதான் யாரும் வரமாட்டேங்கிறாங்க."

சிரித்துவிட்டேன். அப்படியே வயோலாக்காரி ஆனேன்.

முதல் வயலின் வாசித்தவர், பக்கத்து டவுனான குளுவாங்கில் போட்டோ கடை வைத்திருந்த சீனர். எல்லாருக்கும் அவர் தவ்கே, அதாவது முதலாளி. செலோ வாசித்தவர் சுல்தானின் அரண்மனை பேண்டில் இருந்து ஓய்வு பெற்ற மலாய்ப் பெரியவர். வாத்தியத்தைப் பாயில் சுற்றி மாட்டு வண்டியில் கொண்டுவருவார். மற்றவர்கள் பள்ளி வாத்தியார்கள், ரயில்வே கிளார்க்குகள். தமிழ், மலாய், சீனம் மூன்றையும் கலந்துதான் பேசுவோம்; பேச்சின் கடைசியில் ஒட்டுகிற 'லா' எல்லாருக்கும் பொது. யார் எந்தப் பாஷையில் திட்டினார்கள் என்பது இப்போது நினைவில்லை.

ஜோகூர் மழை உங்களுக்குத் தெரியுமே. மூன்று மணியாகிவிட்டால் வானம் கறுக்கும். கொட்டகைக்குத் தகரக் கூரை. மழை விழ ஆரம்பித்தால், பக்கத்தில் இருப்பவர் கத்தினாலும் வாய் அசைவது மட்டும்தான் தெரியும். முதல் தடவை நாங்கள் வில்லைக் கீழே வைத்துவிட்டோம். டிரெஸ்ஸர் வேண்டாம் என்று தலையாட்டினார். ஒவ்வொருவர் காதருகிலும் குனிந்து கத்தினார்: "நிறுத்தாதீங்க! ஒருத்தர ஒருத்தர் பாருங்க! மூச்சு எடுக்கறதப் பாருங்க!"

வாசித்தோம். என் வாத்தியம் என் தாடைக்கடியில் அதிர்ந்தது, ஆனால் சத்தம் இல்லை. தவ்கேயின் தோள் லேசாக உயர்வதைப் பார்த்தேன். பெரியவரின் மார்பு விரிவதைப் பார்த்தேன். எல்லாரும் ஒரு மூச்சை இழுத்து, ஒரு மூச்சை விட்டோம். நீருக்கு அடியில் இருப்பது போல இருந்தது. மழை சட்டென்று விட்டபோது பாட்டில் நாங்கள் எந்த இடத்தில் இருந்தோம் என்பது கேட்டது. பன்னிரண்டு பேரும் ஒரே அடியில் இருந்தோம். கிளார்க் ஒருவர், அடேயப்பா என்பது போல, "அலமாக்" என்றார், மெதுவாக.

அதற்குப் பிறகு மழை வந்தால் எங்களுக்குச் சந்தோஷம்.

குளுவாங்கில் வாசித்தோம், கூலாயில் வாசித்தோம். ஒருமுறை ஜோகூர் பாருவில், ஜன்னல் வழியே கடல் தெரிகிற ஒரு மண்டபத்தில் வாசித்தோம். வெள்ளைக்காரர்கள் எழுதிய இசைதான் பெரும்பாலும். நம் பாட்டு ஒன்றுகூட இல்லையே என்று டிரெஸ்ஸருக்கு ஒரு குறை இருந்தது. ஒருநாள் ஆஸ்பத்திரி வார்டில், ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிற பெண் ஒருத்தி பிறந்து சில நாளே ஆன குழந்தைக்குத் தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்தாளாம். அவர் மருந்துக் குப்பியோடு வாசலிலேயே நின்றுவிட்டார். அதைக் குழுவுக்காக எழுதிக்கொண்டு வந்து ஆளுக்கொரு தாளாகக் கொடுத்தார். என் தாளைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தேன்.

"டிரெஸ்ஸர், தாள் மாறிப்போச்சு. இது தவ்கேயோடது. பாட்டே இதுலதான் இருக்கு."

"மாறல. தாலாட்டு உச்சத்துல பாடுறதில்ல தங்கச்சி. வயோலாதான் சரி."

ஒருமுறை கூட அதை முழுதாக வாசித்துப் பார்க்கவில்லை. அந்த மாதமே எஸ்டேட்டில் காய்ச்சல் பரவியது. டிரெஸ்ஸர் வீட்டுக்குப் போகாமல் வார்டிலேயே கிடந்தார். கடைசியில் அவருக்கே வந்தது. அதிலிருந்து எழவில்லை.

மாதா கோயில் கல்லறையில் மண் போட்டுவிட்டு வந்தபோது எனக்கு அழுகை வரவில்லை. வீட்டுக்கு வந்து, வயோலாவின் பெட்டியைத் திறக்காமல், அதன்மேல் கைவைத்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என் கணவர் விளக்கை ஏற்றி வைத்துவிட்டுப் போனார்.

பல வாரம் கழித்து, கொட்டகையில் அவருக்காக வாசிக்க வேண்டும் என்று எல்லாரும் கூடினோம். யார் முன்னால் நிற்பது என்று தகராறு வந்தது. பெரியவர் நிற்கட்டும் என்றார் தவ்கே. "வாழ்நாள் பூரா ஒருத்தர் கோலைப் பார்த்து வாசிச்சவன் நான். என் கையில கோல் வேண்டாம்" என்று மலாயில் சொல்லிவிட்டார் பெரியவர். பிறகு தவ்கேயே எழுந்து நின்றார். அவர் கையை ஆட்டினால் முதல் வயலின் இல்லை. வயலினை எடுத்தால் கை இல்லை. இரண்டு தடவை முயன்றுவிட்டு, "போதும் லா" என்று உட்கார்ந்துவிட்டார்.

யாரோ நாற்காலிகளை வட்டமாக இழுத்தார்கள். முன்பக்கம் என்று ஒன்று இல்லாமல் போயிற்று. டிரெஸ்ஸரின் மனைவி, எங்கள் எல்லாருக்கும் அக்கா, மூலையில் காப்பிப் பானையோடு நின்றார். அவருக்குப் பின்னால் எஸ்டேட் ஜனங்கள் சிலர். அவர்களில் அந்தத் தாலாட்டுப் பாடிய பெண்ணும் குழந்தையைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றாள்.

வில்லைத் தந்தியில் வைத்தோம். ஒருவரும் ஆரம்பிக்கவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பாட்டு என் தாளில்தான் இருந்தது. என் வாழ்நாளில் யாரும் என்னைப் பார்த்து ஒன்றைத் தொடங்கியதில்லை. மரங்களுக்குள் ஏதோ ஒரு பறவை கூவி நின்றது. நான் மூச்சை இழுத்தேன். சுற்றிலும் பதினோரு தோள்கள் என்னோடு உயர்ந்தன.

அந்தத் தாலாட்டு எப்படி இருந்தது என்று என்னால் சொல்ல முடியாது. வெயில் தரையில் நகர்ந்தது நினைவிருக்கிறது. குழந்தையை வைத்திருந்த பெண் வாய்க்குள் கூடவே முனகியதும், பாதியில் நிறுத்திவிட்டுத் தன் குழந்தையின் முகத்தைப் பார்த்ததும் நினைவிருக்கிறது. முடிந்த பிறகு யாரும் வில்லை இறக்கவில்லை.

அப்போது அக்கா கையில் டம்ளரோடு வட்டத்துக்குள் வந்தார். கண் சிவந்திருந்தது.

"நான் காப்பி ஆத்திக்கிட்டு இருந்தேன். சரியா கேக்கல" என்றார். "இன்னொரு வாட்டி வாசிங்க."