அக்கா மரத்துப் பழம்

பெரியப்பா மகள் என்னைவிடச் சில நாட்கள்தான் மூத்தவள். அந்தச் சில நாட்களுக்காக நான் அவளை அக்கா என்று கூப்பிட வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். சட்டத்துக்குக் கட்டுப்பட்டுக் கூப்பிட்டேனே தவிர, மனதாரக் கூப்பிட்டதில்லை. அவளுக்கு முடி இடுப்பு வரை இருந்தது. அவள் வீட்டில் வாத்துகளும் ஒரு கன்றுக்குட்டியும் இருந்தன. எனக்குப் போர்ட் பிளேரில் டெய்ரி ஃபார்ம் என்கிற பேட்டையில் இரண்டு அறை குவார்ட்டர்ஸும், தண்ணீர் வரும் நேரத்தில் வாளியோடு ஓடும் வேலையும் இருந்தன. இதையெல்லாம்கூட ஒரு மாதிரி விழுங்கிக்கொள்வேன். என்னால் பொறுக்க முடியாமல் போனது அவளுடைய டுரியான் மரத்தைத்தான்.

மரம் எனக்கும் இருந்தது. நாங்கள் இருவரும் பிறந்த வருடம், பர்மாவிலிருந்து வந்து மாயாபந்தர் பக்கத்தில் குடியேறிய கரென்காரர் ஒருவர் பெரியப்பாவுக்கு, பலா மாதிரி முள்ளுள்ள ஒரு டுரியான் பழம் கொடுத்திருக்கிறார். அதன் கொட்டைகளில் இரண்டை எடுத்து, அண்ணனும் தம்பியும் ரங்கத்தில் பெரியப்பா வீட்டை ஒட்டிய தாத்தா நிலத்தில் ஆளுக்கொன்றாக மகள்கள் பெயரில் ஊன்றினார்கள். அக்காவும் தங்கையும் சேர்ந்து வளரட்டும் என்று பக்கத்தில் பக்கத்தில். டுரியான் தென்னைக்கு மேலே போகிற மரம் என்பது மெயின்லேண்டிலிருந்து தீவுக்கு வந்த எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியாது. முருங்கைக்கு விடுகிற இடைவெளியை விட்டிருக்கிறார்கள்.

அவள் மரம் அவள் கண் முன்னால் வளர்ந்தது. என் மரத்தை நான் வருடத்துக்கு ஒருமுறை, பள்ளி லீவில் போய்ப் பார்ப்பேன். "உன் மரத்துல ஒரே எறும்பு. நாந்தான் சாம்பல் போட்டு விட்டேன்" என்பாள். என் மரத்துக்கு அவள் சாம்பல் போடுவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது.

எனக்குப் பத்து வயதில் இரண்டு மரங்களும் முதல் தடவையாகக் காய்த்தன. அந்த லீவில் ரங்கத்துக்குப் போனதற்குக் காரணம் பழம் இல்லை. தாத்தா விட்டுப்போன நிலத்தில் பாதியை அப்பா பெரியப்பாவிடம் கேட்க வேண்டும். காட்டு வழியில் வண்டிகள் சேர்ந்து போகும் கான்வாய்க்காக பஸ் நின்றபோதும், ஃபெர்ரியில் கடந்தபோதும் அம்மா அப்பாவைத் தயார் செய்துகொண்டே வந்தாள். "அண்ணே நொண்ணேன்னு கொழையாம நேராக் கேளுங்க. நாளைக்கு ரிட்டையர் ஆனா குவார்ட்டர்ஸ விட்டு எங்க போறது?" அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எனக்கு அதில் ஒரு அக்கறையும் இல்லை. யார் பழம் ருசி என்பது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

பெரியப்பா வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா நேராக அடுப்படிக்குப் போய் சிலிண்டரைப் பார்த்தாள். டுரியான் வாடையைக் கேஸ் கசிகிறது என்று நினைத்துவிட்டாள். பெரியம்மா சிரித்துக்கொண்டே மூலையைக் காட்டினாள். விழுந்த பழங்களை அங்கே சாக்கில் போட்டு வைத்திருந்தார்கள்.

சாப்பிட்டு முடித்ததும் அப்பா தொண்டையைச் செருமினார். "அண்ணே, ஒரு விஷயம்..."

"மொதல்ல மரத்துக்கு ஒரு வழி சொல்லு தம்பி" என்றார் பெரியப்பா. "ஒண்ண ஒண்ணு அமுக்குது. ரெண்டுல ஒண்ண எடுத்தாத்தான் இன்னொண்ணு தேறும்னு அக்ரிகல்ச்சர் சாப் சொல்லிட்டாரு. எம் புள்ள மரத்த எடுத்துரலாம்னு இருக்கேன்."

எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. அப்பா காரியத்தைக் கெடுத்தார். "அதெப்படிண்ணே? தெனம் தண்ணி ஊத்துனது அவ. நம்ம புள்ள மரத்தையே வெட்டிருவோம்."

"முடியாதுப்பா."

"இல்லண்ணே, கேளுங்க."

இப்படியே இரண்டு பேரும் மல்லுக்கட்டினார்கள். என்னைப் பெற்றவர் என் மரத்தை வெட்டச் சொல்கிறார், அவளுக்காக! அவள் தூணைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் நின்றாள். பேசாமல் நிற்பவர்களுக்குத்தான் எல்லாம் கிடைக்கிறது என்று எனக்கு வயிறு எரிந்தது.

கடைசியில் பெரியம்மாதான் ஒரு யோசனை சொன்னாள். இரண்டு மரத்துப் பழத்தையும் சாப்பிட்டுப் பார்ப்போம், எது நல்லதோ அது நிற்கட்டும். தாதா என்று நாங்கள் கூப்பிடும் பக்கத்து வீட்டு வங்காளிக்காரரையும் பொதுவாள் என்று கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். பெரியப்பா தா என்கிற வெட்டுக்கத்தியால் பழங்களைப் பிளந்து இரண்டு தட்டில் சுளைகளை எடுத்து வைத்தார்.

அக்கா மரத்துப் பழம் நல்ல மஞ்சள். சுளை தடிமன், கொட்டை சின்னது, வாயில் வைத்தால் மில்க்மெய்டு மாதிரி கரைந்தது. என் மரத்துப் பழம் வெளிறிப்போய் இருந்தது. கொட்டை பெரிது. முதலில் இனித்து, அப்புறம் வெங்காயம் மாதிரி ஏறி, முடிவில் லேசாகக் கசந்தது. அந்தக் கசப்புதான் உயர்ந்த ருசி என்று எனக்குச் சத்தியமாகத் தோன்றியது. இனிப்புக்கு வாழைப்பழம் போதாதா?

தீர்ப்பு ஆரம்பித்தது. அப்பா அவள் பழத்தில் ஒரு சுளையைத் தின்றுவிட்டு, "இதுதாண்ணே பழம்" என்றார். பெரியப்பா என் பழத்தைத் தின்று, "இது முன்னாடி அது நிக்குமா?" என்றார். பெரியம்மா என் பழத்தைப் புகழ்ந்தாள். அம்மா, வீட்டில் ஒரு நாளும் என் அழுகைக்கு அசைந்து கொடுக்காத அம்மா, அவள் தலையைத் தடவிக்கொண்டே, "எங்க பெரியகுட்டி பழம் தேனு" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. என் பழத்துக்குப் பரிந்து பேச என் வீட்டில் ஆளில்லை. அவளுக்கோ என் அப்பாவும் அம்மாவும் இருந்தார்கள்.

இன்னொன்றையும் கவனித்தேன். என் பழத்தைப் புகழ்ந்த பெரியப்பாவின் கையும் பெரியம்மாவின் கையும் அவள் தட்டுக்கே போய்க்கொண்டிருந்தன. பேச்செல்லாம் என் பழத்தைப் பற்றி, காலியானது அவள் தட்டு.

பொதுவாளாக வந்த தாதா இரண்டிலும் தாராளமாகத் தின்று, விரலை நக்கி, "தோனோ பௌத் அச்சா ஹை" என்றார். இரண்டும் ரொம்ப நன்றாக இருக்கிறதாம். அதைச் சொல்லிவிட்டு இன்னொரு சுளையை எடுத்துக்கொண்டார்.

"புள்ளைகளக் கேட்டுருவோம்" என்றார் பெரியப்பா. "அவுங்க மரம், அவுங்க சொல்லட்டும்."

"என் பழம்" என்று நான் உடனே சொன்னேன். அவள் ஒரு கணம் பெரியப்பா முகத்தைப் பார்த்தாள். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு, "தங்கச்சி பழந்தான்" என்றாள். இவளுக்கு நாக்கில் ருசியே கிடையாது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அம்மா அப்பாவை முழங்கையால் இடித்தாள். நாளைக்குக் கேட்கிறேன் என்பதுபோல் அப்பா கையைக் காட்டினார்.

மறுநாள் காலை பெரியப்பாவே கோடாலி எடுத்தார். அவள் மரம் சாய்வதைப் பார்க்கத் தெருவே வந்திருந்தது. நின்றுகொண்டிருந்த என் மரத்தை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் விசும்பினாள். உடனே என் அப்பா, பத்து வயதுப் பெண்ணை, குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கித் தோளில் சாத்திக்கொண்டார். பஜாருக்குக் கூட்டிப்போய் அவளுக்கு வளையல் வாங்கிக் கொடுத்தார். அவர் என்னைத் தூக்கி எத்தனையோ காலம் ஆகியிருந்தது. ஜெயித்தது நான். தோளில் இருந்தது அவள். என் மரத்தையும் வெட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றுகூட நினைத்தேன்.

ஊருக்குக் கிளம்பும்போது பெரியப்பா என் மரத்துப் பழம் ஒன்றைச் சாக்கில் சுற்றி என் மடியில் வைத்தார். வாடைக்கு கண்டக்டர் முறைத்தார். பஸ் ரங்கத் பஜாரைத் தாண்டியதும் அம்மா, "கேட்டீங்களா, இல்லையா?" என்றாள்.

"என்னத்தக் கேக்க?" என்றார் அப்பா. "நம்ம புள்ளைக்காகத் தம் மக மரத்தையே வெட்டிட்டாரு. அவர்ட்டப் போயி நெலத்துல பாதி குடுன்னு எந்த வாயால கேக்கச் சொல்ற?"

அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நிலம் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாமே, இதற்கு ஏன் இப்படி உம்மென்று வருகிறார்கள் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

அப்பா அதற்குப் பிறகு எந்த வருடமும் கேட்கவில்லை. பெரியப்பா பாசத்தில் வெட்டினாரா, யோசித்து வெட்டினாரா என்பதற்கு அம்மாவிடம் ஒரு பதில் உண்டு, அப்பாவிடம் வேறொரு பதில் உண்டு. தாத்தா நிலத்தில் எங்கள் பங்கு என்று வந்தது அந்த ஒற்றை மரம்தான். நானோ மடியில் முள் குத்தக் குத்தப் பழத்தைக் கட்டிப் பிடித்தபடி, அந்த மரத்தை அக்காவிடமிருந்து ஜெயித்து வாங்கிவிட்டதாக போர்ட் பிளேர் வரைக்கும் நினைத்துக்கொண்டே போனேன்.