வாங்கில் ஓரிடம்

புத்தூர்ப் பள்ளியின் பாலர் வகுப்பில், சன்னலோர வாங்கில் ஒரு பிள்ளை இருக்கக்கூடிய அளவு இடம் எப்போதும் வெறுமையாகக் கிடந்தது. மற்ற வாங்குகளில் பிள்ளைகள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள்.

பயிற்சிக் கல்லூரியிலிருந்து நேரே அங்கே உதவி ஆசிரியையாகப் போயிருந்தேன். வகுப்பை அடக்கும் வழிகளை வரிசையாகப் படித்திருந்தேன்: கதை, பாட்டு, கைவேலை, பாராட்டு, ஒன்றும் பலிக்காவிட்டால் பிரம்பு. அந்த வகுப்பின் பெரிய ரீச்சருக்கு இவை எதுவும் தேவைப்படவில்லை. இரைச்சல் கூடினால் பேச்சை நிறுத்திவிட்டு அந்த வெற்றிடத்தைப் பார்ப்பார். "அவள் நித்திரை," என்பார் மெதுவாக. வகுப்பு மூச்சடங்கிப்போகும்.

அங்கே இருந்த சிறுமி காய்ச்சலில் இறந்திருந்தாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை அவளுடைய இடத்தில் எவரும் இருக்க வேண்டாம் என்று ரீச்சர் சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் ஏன் என்று கேட்டபோது, அவள் அதில் நித்திரை என்றிருக்கிறார். அந்தியேட்டி முடிந்தது. வகுப்பின் அமைதி வசதியாக இருந்ததால் இடம் அப்படியே விடப்பட்டது.

அடுத்த தையில் இறந்தவளின் தங்கையைத் தாய் கூட்டிவந்தாள்.

"தமக்கையின்ரை இடத்திலையே இருத்துங்கோ ரீச்சர். இவளுக்கும் அதுதான் ஆசை."

ரீச்சர் பதில் சொல்லுமுன் பிள்ளைகள் முந்திக்கொண்டார்கள்.

"அதிலை இருக்கக்கூடாது. உன்ரை அக்கா நித்திரை."

தங்கை அந்த இடத்தைத் தொடாமல் பக்கத்தில் ஒடுங்கி இருந்தாள். அன்றுமுதல் அவள் கதைக்கவில்லை. பாட்டுக்கும் வாய் திறக்கவில்லை. இடைவேளைக்கு மற்றவர்கள் ஓடும்போதும் எழும்பவில்லை. வகுப்பைப் பார்க்க வந்த பரிசோதகர், நல்லொழுக்கமான பிள்ளை என்று அவளைத்தான் காட்டினார். அன்று பின்னேரம் ரீச்சர் என்னிடம், "உவளை நான் கெடுத்துப்போட்டன், பிள்ளை," என்றார்.

மறுநாட் காலை ரீச்சர் நேரே போய் அந்த இடத்தில் இருந்தார். "பாருங்கோ, இதிலை ஒருத்தரும் இல்லை."

வகுப்பு இரையத் தொடங்கியது. தலைமையாசிரியர் வாசலுக்கு வந்துவிட்டார்.

"என்ன ரீச்சர், சுன்னாகம் சந்தையோ?"

"பிள்ளையள் கதைக்கினம்," என்றார் ரீச்சர், எழும்பாமல். பிறகு தங்கையின் பக்கம் குனிந்தார். "நீயும் கதை, ராசாத்தி."

அவள் கதைத்தாள்.

"ரீச்சர், அக்காவுக்கு மேலை இருக்கிறியள்."

ரீச்சர் எழும்பிவிட்டார். அந்தத் தவணையோடு தாய் அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டாள்.

இப்போது கொக்குவிலில் என் வகுப்பு இரைகிறது; பக்கத்து வகுப்புக்காரர் குறை சொல்கிறார்கள். சிலவேளை அது தானாகவே அடங்கிவிடும். அப்போது பாடத்தை நிறுத்திவிட்டு, எந்தப் பிள்ளை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறேன்.